பேய்க்கதைக்கும் மதிப்புரை வேண்டும்

சேலம், நாமக்கல் பக்கத்து இளம் எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளுக்கு,

2024 நவம்பர் 10 அன்று மதுரையில் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் அவருக்கு 66 வயது நிறைந்திருக்கும். அவருடைய ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அன்றைக்குத் தன் சின்ன வயது பயத்தை நினைத்துக்கொண்டது. அவரை மதுரைக்காரர் என்றே பலரும் அறிவார்கள். வாழ்ந்ததும் எழுதிக் குவித்ததும் அங்கேதான். ஆனால் அவர் பிறந்த ஊர் சேலம்.

நூற்றுக்கணக்கில் நாவல் எழுதியவர் அவர். அவருக்கு அஞ்சலிக் குறிப்புகள் நிறையவே கிடைத்தன. அவருடைய எந்த நாவல் முழுசாகக் கூடிவந்தது, எது தொடர்கதை அவசரத்தில் கைநழுவியது, சித்தரையும் கருப்பசாமியையும் முன்ஜென்மத்தையும் அவர் கையாண்ட விதம் காலப்போக்கில் எப்படி மாறியது என்று உட்கார்ந்து ஆராய்ந்த கட்டுரைகளைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. லட்சம் பேர் படித்த ஒரு எழுத்தாளருக்கு இது நியாயமில்லை. அந்த லட்சம் பேருக்கும் நியாயமில்லை.

இந்த மடல் உங்களுக்கு வருவது இதனால்தான். ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் இருந்துகொண்டு, தறி ஓட்டிவிட்டோ, கல்லூரி முடிந்தோ, கோழிப்பண்ணைக் கணக்கு எழுதிவிட்டோ வந்து, ராத்திரியில் பேய்க்கதையும் மாயக்கதையும் எழுதுகிறவர்கள் நீங்கள். அதைவிட அதிகமாகப் படிக்கிறவர்கள். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: நம் பக்கத்து மாயக்கதைகளுக்கும் பேய்க்கதைகளுக்கும் மதிப்புரை எழுதத் தொடங்குங்கள். ‘மிரட்டல்’, ‘வேற லெவல்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்வதை இம்மடல் கேட்கவில்லை. ஒரு கதை எதை வைத்து நம்மைப் பயமுறுத்தியது, அந்தப் பயம் நேர்மையானதா, கதை முடிந்த பிறகும் அது நிற்கிறதா என்று நிதானமாகக் கேட்டு எழுத வேண்டும்.

‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’வையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘விட்டு விடு கருப்பா’ என்ற அவருடைய நாவலில் பிறந்த தொடர் அது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கினார். 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தது. தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் தப்பு செய்கிறவர்களைக் குதிரையேறி வரும் கருப்பு தண்டிக்கிறது. ஊர் அதைத் தெய்வக் குற்றம் என்கிறது. மருத்துவம் படித்த பெண் ஒருத்தி வந்து, இது மனுசன் வேலை என்று சந்தேகப்படுகிறாள். அன்றைய கதை ஒரு பக்கம், ஒரு சிறுவனின் பழைய கதை மறுபக்கம் என்று இரண்டு சரடு மாறி மாறிப் போகும். இது இந்திரா சௌந்தர்ராஜனுக்கே உரிய கட்டுமானம். அவருடைய நாவல்கள் பலவற்றில் ஒரு அத்தியாயம் இன்றைக்கும் அடுத்தது பழங்காலத்துக்குமாகப் போய், கடைசியில் இரண்டும் ஒரு புள்ளியில் வந்து முட்டும்.

இந்தத் தொடரில் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், குதிரைக் குளம்புச் சத்தத்திலிருந்து வருவது கொஞ்சம்தான். அந்த ஊரில் ஆளாளுக்கு மறைத்து வைத்திருக்கிற தப்பு ஒன்று இருக்கிறது. குளம்பு கேட்கும்போது ஒவ்வொருவரும் தன் தப்பைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். காவல் நிலையம் போகாத ஊரில் எல்லைச்சாமிதான் காவல், எல்லைச்சாமிதான் தண்டனை. நாட்டார் தெய்வத்தின் இந்த வேலையை, அதை அலங்காரமாக்காமல், கதையின் எலும்பாகவே வைத்ததுதான் இந்தத் தொடரின் பெரிய வெற்றி. முனியப்பன் கோயில் இல்லாத ஏரிக்கரையைத் தேட வேண்டியிருக்கும் சேலம் சீமையில் பிறந்த ஒருவருக்கு அது கைவந்ததில் ஆச்சரியமில்லை.

குறையும் உண்டு. கடைசியில் வரும் விடை மனப்பிளவு. ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள். அன்றைய பார்வையாளரைத் தூக்கிவாரிப்போட்ட திருப்பம் அது. ஆனால் அந்த நோயைச் சொன்ன விதம், மனநலம் குன்றியவர் என்றாலே கொலைகாரர் என்கிற பழைய எண்ணத்துக்குத் துணைபோய்விடுகிறது. கூடவே, அறிவியல் விடையைச் சொல்லிவிட்டு, கருப்புக்கும் ஒரு வாசலைத் திறந்தே வைக்கிற வழக்கம் அவருடையது. சில நாவல்களில் அது வாசகரை யோசிக்க விடுகிற இடம். சிலவற்றில், இரண்டு தரப்பையும் கோபப்படுத்தாமல் தப்பித்துக்கொள்கிற வழி. எது எங்கே என்று பிரித்துக் காட்டுவது மதிப்புரையாளரின் வேலை. அந்த வேலையை இனி நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கவும் கைவசம் நிறைய இருக்கிறது. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ ஹோலோகிராமைக் கொண்டுவந்து நிறுத்தி, பேயா அறிவியலா என்ற விவாதத்தையே கதையாக்கியது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943இல் வந்தது. அது விளக்கமே தராது. பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை மனைவி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். அப்புறம் ராத்திரிகளில் ஒரு வாசனை, ஒரு நாற்றம். எழுத்தாளனான கணவன் தான் கண்டது நிஜமா என்று தெரியாமல் தவிக்கிறான். மனைவி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நடமாடுகிறாள். எண்பது ஆண்டு கழித்தும் அந்தக் கதை வேலை செய்வதற்குக் காரணம் மூக்கு. கண்ணுக்குத் தெரிகிற பேயைக் கண்ணை மூடித் தடுத்துவிடலாம். மூக்கை எவ்வளவு நேரம் மூடுவது? உங்களில் பேய்க்கதை எழுதுகிற பலரும் வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், சிவந்த கண் என்று பார்வைக்கே எல்லாச் செலவையும் செய்துவிடுகிறீர்கள். ‘காஞ்சனை’யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாலு பேர் உங்கள் கதைகளை மதிப்பிட்டால், அடுத்த கதையில் வேறு புலன்களும் வேலை செய்யத் தொடங்கும்.

நம் ஊருக்கு இந்தக் கலை புதுசு இல்லை. திருச்செங்கோட்டில் பிறந்து இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித்தொழில் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், 1930களின் நடுவில் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளியாயின. ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்தது பலருக்கும் தெரியும். சொல்லைக் கேட்டுத் திறக்கிற குகையைத் தமிழ்நாடு முதலில் வண்ணத்தில் பார்த்தது சேலத்துக்காரர் கையால்தான்.

அதைவிட விசித்திரமான ஒன்று 1952இல் நடந்தது. அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து மாடர்ன் தியேட்டர்ஸ் ‘தி ஜங்கிள்’ என்ற படத்தை எடுத்தது. தமிழில் ‘காடு’. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோரோடு நம் எம்.என். நம்பியாரும் நடித்தார். காட்டு யானைகள் வெறிபிடித்து ஊர்களுக்குள் ஓடி வருகின்றன. காரணம் தேடி ஒரு கூட்டம் காட்டுக்குள் போகிறது. பனியுகத்தோடு அழிந்துபோனதாக உலகம் நம்பிய மாமூத் யானைகள் அங்கே உயிரோடு உலவுகின்றன. அவற்றைக் கண்டு மிரண்டுதான் மற்ற யானைகள் ஓடி வந்திருக்கின்றன. கணினி வரைகலை இல்லாத காலம் என்பதால், நிஜ யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்திப் படம் பிடித்தார்கள். கதை சுமார்தான், நடுவில் நடையே அதிகம். ஆனால் ‘தெரிந்த விலங்கு தெரியாத ஒன்றைக் கண்டு பயப்படுகிறது’ என்ற அந்த ஒரு யோசனை இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. ஒரு பயங்கரத்தை நேரே காட்டாமல், அதைக் கண்டு ஓடி வருகிறவர்களை முதலில் காட்டு என்கிற பாடம் அதில் உண்டு. மாமூத்தை வைத்து சேலம் ஸ்டூடியோ ஒரு அறிபுனை எடுத்தது என்ற தகவலை உங்களில் எத்தனை பேர் பள்ளியிலோ கல்லூரியிலோ கேட்டிருப்பீர்கள்? சுந்தரம் 1963இல் மறைந்தார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று மிஞ்சி நிற்பது நுழைவாயில் வளைவு மட்டும். அந்த வளைவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், உள்ளே என்னென்ன மாயம் நடந்தது என்று ஒரு பக்கமாவது எழுதிவைத்தால் நல்லது.

சினிமாவுக்கு முன்னாலும் இங்கே மாயக்கதை ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. மேட்டூர், மேச்சேரிப் பக்கத்துக் கூத்தில் ‘மயிலிராவணன்’ பார்த்தவர்களுக்கு அது புரியும். பாதாள லோகத்து மாயாவி ஒருவன், அனுமன் வாலால் கட்டிய கோட்டைக்குள்ளேயே நுழைந்து ராம லட்சுமணரைக் கவர்ந்துபோகிறான். அவன் உயிர் உடம்பில் இல்லை, வண்டுகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பாதாளத்துக்கு இறங்கிப் போகும் அனுமனை வாசலில் மறிப்பவன் அவனுடைய மகனே. கோட்டை, வேடம் மாறுதல், உடம்புக்கு வெளியே உயிர், தெரியாத மகனோடு சண்டை என்று, இன்றைய மாயக்கதை எழுத்தாளர் பத்துப் பாகத்தில் சொல்வதைக் கூத்தாடிகள் ஒரே ராத்திரியில் முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆடி முடித்துவிடுகிறார்கள். இந்தக் கலைஞர்களின் வாழ்வையும் கலையையும் மேட்டூர் பக்கம் ஏர்வாடியிலிருந்து வருகிற ‘மணல்வீடு’ சிற்றிதழ் வழியாக மு. ஹரிகிருஷ்ணன் தொடர்ந்து பதிவு செய்கிறார். கூத்துப் பயிற்சிக்கு ஒரு இடமும் நடத்துகிறார். ஒரு சிற்றிதழ்க்காரர் தனியாளாக இவ்வளவு தூரம் இழுத்து வந்ததை அடுத்த அடி நகர்த்த, இளையவர்கள் கை கொடுக்க வேண்டும். ஒரு கூத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் அதற்கு மதிப்புரை எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஜமா, மயிலிராவணன் வேடம் கட்டியவர் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தி மிரட்டினார், கோமாளி எங்கே பயத்தைக் கலைத்தார், அது கதைக்கு நல்லதா கெட்டதா. ஒரு நாவலுக்குக் கொடுக்கிற கவனத்தை இதற்கும் கொடுங்கள்.

கொல்லிமலைக்கு வருவோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் அந்த மலையைப் பற்றிப் பேய்க்கதையும் மர்ம நாவலும் எழுதாதவர்கள் குறைவு. எல்லாவற்றுக்கும் மூலம் கொல்லிப்பாவை. சிரித்து மயக்கி, கிட்ட வந்தவனைக் கொல்லும் பாவை என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்று நம்புகிறவர்களும் அங்கே உண்டு. ஆனால் சங்கப் பாடல்களைத் திறந்து பார்த்தால் வேறொன்று தெரியும். நற்றிணையின் 201-ஆம் பாடலில் அந்தப் பாவை, காற்று மோதினாலும் மழை கடுமையாகக் கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் தன் அழகு குன்றாமல் நிற்கிற ஒன்று. காதலியின் உருவம் அவன் நெஞ்சை விட்டு அகலாததற்கு அது உவமை. குறுந்தொகையிலும் பெண்ணின் அழகுக்கே பாவை வருகிறது. கொல்லும் சிரிப்பு பிற்காலத்தில் வளர்ந்து சேர்ந்த கதை.

எதற்கும் அசையாமல் நிற்கிற ஒரு உருவம், சிரித்துக் கொல்லும் உருவத்தைவிடக் கலக்கம் தருவது. இயற்கையின் எந்தச் சீற்றமும் தொட முடியாத ஒன்று மலை மேல் நிற்கிறது, அது எதையும் செய்வதில்லை, பார்த்தவர் மனதை விட்டுப் போவதும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் கற்பனையைத் தொட்டு உங்களில் ஒருவர் ஒரு கதை எழுதினால், இதுவரை வந்த கொல்லிமலைக் கதைகளிலிருந்து அது தனித்து நிற்கும்.

அந்தக் கதைகளைப் பற்றி ஒரு கடுமையான வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றில் வருகிற மலைவாசி பெரும்பாலும் ஒரே அச்சு: மாந்திரீகம் தெரிந்தவர், மூலிகை வைத்திருப்பவர், வெளியூர் நாயகனுக்கு எச்சரிக்கை சொல்லிவிட்டு மறைகிறவர். அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவிக்கிறார்கள். மிளகு, காபி, பலா, அன்னாசி பயிரிடுகிறார்கள். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக அலைகிறார்கள். அவர்களுக்கும் சொந்தமான பயங்கள் இருக்கும். அவை நம் கதைகளில் வரவில்லை. மதிப்புரை எழுதுகிறவர் இதைச் சுட்டிக்காட்டத் தயங்கக் கூடாது. கதை விறுவிறுப்பாக இருக்கிறது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

அதே கண்ணோடுதான் பெண் பேய்களையும் பார்க்க வேண்டும். கெடுக்கப்பட்டவள், கொல்லப்பட்டவள், தூக்கில் தொங்கியவள். செத்தால்தான் அவளுக்குப் பேச வாய் கிடைக்கிறது. நாட்டார் மரபில் இதற்கு ஆழமான காரணம் உண்டு. அநியாயமாக உயிர் போனவர்களை ஊர் பயந்து தெய்வமாக்கியது. நல்லதங்காள் கதையும் காத்தவராயன் கதையும் அழ வைப்பது அதனால்தான். அந்தக் குற்ற உணர்வு இல்லாமல் அவள் கூந்தலை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது வேடம். 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’ என்று வந்த திகில் நகைச்சுவைப் படங்களுக்குப் பிறகு அந்த வேடம் இன்னும் மலிந்துவிட்டது. ‘காஞ்சனா’வில் ஒரு திருநங்கையின் கதை இருந்தது, அதற்கு ஒரு கனமும் இருந்தது. பின்னால் வந்த நகல்களில் கனம் போய்ச் சத்தம் மட்டும் நின்றது.

பெருமாள்முருகனைப் பேய்க்கதைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் வட்டாரத்தின் மிகப் பயங்கரமான நாவல் எது என்று கேட்டால், இம்மடல் 2013இல் வந்த ‘பூக்குழி’யைச் சொல்லும். அதில் பேய் இல்லை, மாயம் இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்து ஊருக்கு வந்த ஒரு பெண்ணைச் சுற்றி, பக்கம் பக்கமாக, ஒரு ஊர் நெருங்கி வருகிறது. முள்ளுக்காட்டுக்குள் அவள் ஒளிந்திருக்க, வெளியே பேச்சுக் குரல் கேட்கிற அந்தக் கடைசிப் பகுதியைப் படித்தவர்கள் திகில் என்ற சொல்லை அப்புறம் லேசாகப் பயன்படுத்த மாட்டார்கள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. அதை ஒரு திகில் நாவலாக வாசித்து, பயம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று உடைத்துக் காட்டும் ஒரு கட்டுரை தமிழில் வந்தால், உங்கள் தலைமுறை எழுத்தாளர்களுக்கு அது பாடப்புத்தகமாகும்.

மாயக்கதைக்கு ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ இருக்கிறது. தன் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்து மௌனமான பெருமாள்முருகன், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின் எழுதிய நாவல் அது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருந்த காலத்தில் ஆட்டைப் பற்றி எழுதினார். அசுரர்கள் வாழும் ஒரு நாடு. பேருருவம் கொண்ட ஒருவன் ஒரு கிழவர் கையில் ஒரு கறுப்புக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் காது குத்தி அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும். வரிசையில் நிற்கிற சனம் வாய் திறக்கப் பயப்படுகிறது. கறுப்பு ஆடு இருட்டில் தெரியாது என்பதே அதிகாரிகளுக்குச் சந்தேகம். மாயக்கதை ஓடி ஒளியும் இடம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த நாவல் பதில். நேரே சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில், மேட்டாங்காட்டு வெள்ளாட்டை வைத்து, நம் பக்கத்துக்காரர் ஒருவர் முழு உலகத்தையே படைத்தார். அதில் வரும் புழுதி, பஞ்சம், எருக்கலை எல்லாம் நாமக்கல் மாவட்டத்துக் கோடையில் நடந்தவர்களுக்குத் தெரிந்தவை.

அந்த மண்ணில் இன்னும் தொடப்படாதது எவ்வளவோ கிடக்கிறது. திருச்செங்கோட்டு மலைப்படியில் 60 அடி நீளத்துக்குச் செதுக்கப்பட்ட நாகம், அறுபதாம்படியில் நின்று செய்யும் சத்தியம், அதற்குப் பயந்து பொய்சாட்சி சொல்லாமல் இறங்கிப்போனவர்களின் கதைகள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்கள், நீர்மட்டம் நன்றாக இறங்குகிற கோடையில் பண்ணவாடிப் பக்கம் தலை காட்டுகிற நந்தியும் மாதா கோயில் கோபுரமும். தொப்பூர் கணவாயில் ராத்திரி இறங்குகிற லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. ஆயிரம் அடிக்குக் கீழே துளை போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடக்கிற பையன்கள் தூக்கம் வராதபோது பேசுவது. அண்ணன்மார் சாமி கதையில் வரும் கொம்பன் பன்றியையும், வேட்டை நாய்களுக்கெல்லாம் மேலாக நிற்கும் பொடிநாய் பொன்னாச்சியையும் கேட்க, கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் வந்து உட்கார்ந்து, உடுக்கடிப் பாடகரைப் பாடவைத்து ஒலிப்பதிவு செய்தார். 1992இல் அது தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறியது. பிறகு அவரே அதை அசைவூட்டத் தொடராகவும் கொண்டுவந்தார். வெளியிலிருந்து வந்தவருக்கு இருந்த அந்த அக்கறை நமக்கும் வேண்டும்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதிஹ்யமாலை’யில் இருக்கும் யட்சிகளையும் சாத்தன்களையும் மலையாளிகள் நூறு ஆண்டாக விடாமல் பேசுகிறார்கள், திருத்துகிறார்கள், சண்டை போடுகிறார்கள். 2024இல் ‘பிரமயுகம்’ கறுப்பு வெள்ளையில் வந்து சாதியையும் அதிகாரத்தையும் ஒரு மனைக்குள் அடைத்து வைத்துப் பயமுறுத்தியது. அடுத்த ஆண்டு ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலியை இன்றைய நகரத்தில் நடமாட விட்டது. அந்தப் படங்கள் வானத்திலிருந்து விழவில்லை. அவற்றை எடைபோடத் தெரிந்த பார்வையாளர் கூட்டம் முன்பே தயாராக இருந்தது.

அமெரிக்காவில் 1923இல் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற மலிவுத்தாள் இதழில் வாசகர் கடிதப் பகுதி ஒன்று உண்டு. எந்தக் கதை தேறியது, எது தேறவில்லை என்று அங்கே வாசகர்கள் மல்லுக்கட்டினார்கள். அதில் எழுதிய லவ்கிராஃப்ட் 1937இல் வறுமையில் செத்தபோது வெளியுலகத்துக்கு அவர் பெயர் தெரியாது. கடிதம் எழுதிப் பழகிய ஆகஸ்ட் டெர்லத்தும் டொனால்ட் வான்ட்ரியும் 1939இல் அவருக்காகவே ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க அவரைப் படிக்கிறார்கள். 1968இல் தொடங்கிய ‘லோகஸ்’ இதழ் அறிபுனைக்கும் மாயக்கதைக்கும் செய்தியும் மதிப்புரையும் போட்டே அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. நம்மிடம் பி.டி. சாமியின் பேய் நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. லட்சக்கணக்கில் படித்தோம். எத்தனை தலைப்பு, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம் என்ற முழுப் பட்டியலைக்கூட யாரும் நமக்குக் கையில் தரவில்லை. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது இந்திரா சௌந்தர்ராஜனுக்கும் அதில் இடம் கொடுத்தது. ஆங்கில வாசகருக்குக் கிடைத்த அந்த அறிமுகக் குறிப்புகளின் அளவுக்காவது தமிழில் நாம் எழுத வேண்டாமா?

வேலையைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஐந்து பேர் போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஊர் நூலகத்திலோ டீக்கடை மாடியிலோ உட்காருங்கள். ஒரு பழைய நாவல், உங்களில் ஒருவர் எழுதிய ஒரு புதுக்கதை, இரண்டையும் முன்கூட்டியே எல்லோரும் முழுக்கப் படித்துவிட்டு வர வேண்டும். நண்பர் கதை என்பதற்காகப் பாராட்டையும், ஆகாதவர் கதை என்பதற்காகக் குறையையும் கொண்டுவரக் கூடாது. பேசியதை இரண்டு பக்கமாக எழுதுங்கள். முடிவை உடைக்கிறீர்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மர்மக் கதை வாசகருக்குச் செய்யும் மரியாதை அது. ஒரு ஆண்டில் இருபது மதிப்புரை சேர்ந்தால் சின்னத் தொகுப்பாக அச்சடித்து, சேலம், நாமக்கல் புத்தகத் திருவிழாக்களில் உள்ளூர் எழுத்தாளர் அரங்கில் வையுங்கள். பெரியவர்களிடம் பேய்க்கதை கேட்டுப் பதிவு செய்தால் அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள். யார் சொன்ன கதை என்பதை அவர்கள் விரும்பினால் பெயரோடு போடுங்கள்.

முதல் மதிப்புரைக்கு ‘விட்டு விடு கருப்பா’ பொருத்தமானது. நாவலையும் தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவதற்கு ஆடி மாதம் சேலம் குகைக்குப் போங்கள். மாரியம்மன், காளியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கையில் மாட்டு வண்டிகளில் தேவரும் அசுரரும் வேடம் கட்டி வருவார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு தெரு முழுக்க மாயக்கதையாக மாறுகிற இரவு அது. எந்த வண்டியின் அசுரன் கூட்டத்தை ஒரு நிமிடம் அமைதியாக்கினான், ஏன் என்று எழுதுங்கள். இடையில் பழைய பேப்பர் கடைப் பக்கம் போகும்போது எடைக்கு வந்திருக்கும் பாக்கெட் நாவல் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, விலை நாலையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டு இரண்டாவது கூட்டத்துக்கு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வாசகர் ஒருவர்